வீடு கட்டிய பின்னும் வரும் செலவு: வட்டவடை தரும் படிப்பினை

ஒரு குடும்பத்திற்கு வீடு கட்டிக் கொடுக்கப்பட்டதும் அரசின் பதிவேட்டில் ஓர் இனம் நிறைவு பெறுகிறது. அக்குடும்பத்தின் கணக்கிலோ அன்றுதான் ஒரு புதிய செலவினம் தொடங்குகிறது. கூரை ஒழுகாமல் காப்பது, சுவரில் ஈரம் ஏறாமல் தடுப்பது, மின்கம்பிகளையும் வீட்டுச் சாதனங்களையும் பழுது நீக்கி வைப்பது ஆகியவை ஆண்டுதோறும் பணம் கேட்கும் பணிகள். வீட்டு வசதித் திட்டங்களின் வெற்றியைக் கட்டி முடித்த வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதற்குப் பழகிவிட்ட நாம், இந்தத் தொடர் செலவைப் பற்றிப் போதிய அளவு சிந்திப்பதில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மக்கள் குடியிருந்த வீடுகளில் ஏறத்தாழ 53 சதவீதம் மட்டுமே நல்ல நிலையில் இருந்தன. சுமார் 41 சதவீத வீடுகள் ஒருவாறு வசிக்கத்தக்கவை என்றும், 5 சதவீதத்திற்குச் சற்று மேற்பட்டவை சிதைந்தவை என்றும் வகைப்படுத்தப்பட்டன. ஒருவாறு வசிக்கத்தக்க நிலையிலுள்ள வீடு நல்ல நிலைக்கு உயர்வதும் சிதைந்த நிலைக்குத் தாழ்வதும் பெரும்பாலும் பராமரிப்பைப் பொறுத்தே அமைகின்றன.

இச்சிக்கலைக் கண்கூடாகக் காட்டும் ஊர்களுள் ஒன்று, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள வட்டவடை.

மலையூரின் இயல்பு

தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த வட்டவடை ஊராட்சி, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனைக் கடந்து, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் வழியாகச் செல்லும் மலைச்சாலையே இதன் முக்கியத் தொடர்பு. தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கோவிலூர் இப்பகுதியின் கடைத்தெருவாக விளங்குகிறது. மக்களில் பலர் தமிழ் பேசும் உழவர்கள். முதுவர் பழங்குடியினரின் குடிகளும் இங்கு உள்ளன. படிக்கட்டு வயல்களில் காரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு ஆகியவை விளைகின்றன. காந்தளூர்-வட்டவடைப் பூண்டு 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இவ்வூர் வீடுகளுக்கு இயற்கை வைக்கும் சோதனை சமவெளியில் உள்ளதைவிடக் கடுமையானது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தவுடன் வடகிழக்குப் பருவமழை தொடர்கிறது. இடையில் பனிமூட்டம், மார்கழி, தை மாதங்களில் கடுங்குளிர். கூரை உலர்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. தகரம், சிமெண்டு, மின்பொருள்கள் யாவும் மலையேறி வரவேண்டியிருப்பதால், பொருளின் விலையுடன் வண்டிச் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. சிறிய பழுதுக்குக்கூட வெளியூர்க் கைவினைஞரை அழைத்தால், அவருடைய வழிச்செலவு சில வேளைகளில் கூலியை எட்டிவிடும்.

நான்கு கூரைகள், நான்கு கணக்குகள்

முற்காலத்தில் இம்மலைகளில் மண்சுவரும் காட்டுப்புல் கூரையும் கொண்ட வீடுகளே இருந்தன. புல்கூரைக்கு முதற்செலவு மிகக் குறைவு. ஆயுளும் மிகக் குறைவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் பிரித்து மீண்டும் வேய்ந்தே ஆகவேண்டும். ஆயினும் அச்செலவு பணமாக அன்றி உழைப்பாகவே கொடுக்கப்பட்டது. புல் காட்டில் கிடைத்தது; உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி வேய்ந்தனர். இன்று காட்டில் புல் அறுப்பதற்கும் வரம்புகள் உள்ளன. கூட்டு உழைப்பும் குறைந்துவிட்டது. தீ விபத்தின் அச்சமும் சேர்ந்து, மக்கள் வேறு கூரைகளை நாடினர்.

அடுத்தது ஓட்டுக் கூரை. பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய இவ்வகை ஓடு, மேற்குக் கடற்கரை முழுவதிலும் புகழ் பெற்றது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடுகள் தேவைப்படும். இதன் பொருளாதாரச் சிறப்பு யாதெனில், பழுது சிறு சிறு கூறுகளாக வருகிறது என்பதே. ஓர் ஓடு உடைந்தால் ஓர் ஓட்டை மாற்றினால் போதும். எனினும் ஓட்டைத் தாங்கும் கைமரமும் ரீப்பரும் ஈரத்தால் உளுத்துப்போனால் செலவு பன்மடங்காகும். ஆகவே, உடைந்த ஓட்டை அந்த மழைக்காலத்திற்கு முன்னரே மாற்றுவதுதான் மரத்தைக் காக்கும் வழி.

மூன்றாவது, துத்தநாகப் பூச்சுள்ள தகரக் கூரை. எடை குறைவு, மலைச்சாலையில் கொண்டுவருவது எளிது, ஓரிரு நாட்களில் வேலை முடிந்துவிடும். இதனாலேயே மலையூர்களில் இது விரைந்து பரவியது. இதன் பலவீனம் ஆணித் துளைகளில் உள்ளது. துளையைச் சுற்றியுள்ள துத்தநாகப் பூச்சு சிதையும்போது துரு அங்கிருந்தே தொடங்குகிறது. ஆணியின் அடியிலுள்ள ரப்பர் வளையம் வெயிலிலும் குளிரிலும் சுருங்கி வெடிக்கிறது. அதன் வழியாகச் சொட்டும் நீர், தைலமரக் கம்புகளால் ஆன சட்டத்தை நனைக்கிறது. தளர்ந்த தகரத்தைக் காற்று இறவானப் பக்கத்தில் தூக்கி எறிகிறது. சில ரூபாய் விலையுள்ள வளையத்தை மாற்றாததால், பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள கூரை இழக்கப்படுகிறது. குளிர்ந்த இரவுகளில் சமையல் ஆவி தகரத்தின் அடியில் படிந்து நீராகச் சொட்டுவதும் உண்டு. இதனை ஒழுக்கு என்று கருதிப் பலர் வீண்செலவு செய்கின்றனர். முகட்டின் கீழே காற்றுப் போக்கு அமைப்பதே இதற்கு உரிய தீர்வு.

கல்நார் சிமெண்டுத் தகடு பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பழைய தகடுகளை உலர்ந்த நிலையில் அறுப்பதும், துளையிடுவதும், தேய்த்துக் கழுவுவதும் தீங்கான தூசியை எழுப்பும். அவற்றை மாற்ற நேர்ந்தால், நனைத்து, உடைக்காமல் முழுத்தகடாக இறக்குதல் வேண்டும்.

நான்காவது, கான்கிரீட் கூரை. மக்கள் இதனை நிரந்தரக் கூரை என்று கருதுகின்றனர். இச்சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. தட்டையான கூரையில் சருகு அடைத்த மழைநீர்க் குழாய் ஒன்று போதும், நீர் தேங்குவதற்கு. தேங்கிய நீர் மயிரிழை விரிசல்களின் வழியாக உள்ளே இறங்கி இரும்புக் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருமனாகிறது. அந்த அழுத்தத்தால் கீழ்ப்பூச்சு உதிர்கிறது. பூச்சு உதிர்வதைக் குடும்பத்தினர் காணும் நாளில், சேதம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஓட்டுக் கூரையைப் போல் இங்குப் பழுதைக் கூறுபோட முடியாது. கூரைமேல் படியும் பாசியைச் சுரண்டுவது, குழாய் வாயைத் துப்புரவு செய்வது, தளத்தின் மேற்பூச்சையும் நீரோட்டச் சரிவையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்ப்பது ஆகிய எளிய பணிகளே இக்கூரையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

சாதனங்களின் கணக்கு

கேரளம் 2017 மே மாதத்தில் முழுவதும் மின்வசதி பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வந்த வீட்டில் மிக்சி, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெறுகின்றன. வட்டவடை போன்ற குளிர்ந்த ஊரில் மின்விசிறியைவிட வெந்நீருக்கான சாதனமே முதலில் வாங்கப்படுவது இயல்பு.

ஒவ்வொரு சாதனத்திற்கும் மூன்று விலைகள் உண்டு: வாங்கும் விலை, இயக்கும் விலை, பழுதுபார்க்கும் விலை. வாங்குவோர் முதலாவதை மட்டுமே பார்க்கின்றனர். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு விளக்கு ஆண்டிற்கு ஏறத்தாழ 110 யூனிட் மின்சாரத்தைச் செலவிடும். அதே அளவு ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு சுமார் 16 யூனிட்டுடன் நின்றுவிடும். 2006-இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீட்டு முறையும், 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டமும் இந்த இரண்டாவது விலையைப் பற்றி மக்களுக்கு உணர்த்தின. மூன்றாவது விலையைப் பற்றிய விழிப்புணர்வு அந்த அளவுக்கு ஏற்படவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையத் தளத்தைத் தொடங்கியது நல்ல தொடக்கம். ஆனால் உதிரிப் பொருளும் கைவினைஞரும் மலையேறி வந்தால்தான் அவ்வுரிமை மலைவாழ் குடும்பத்திற்குப் பயன்படும்.

பழுது நீக்குவதா, புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு எளிய விதி ஒன்று உண்டு. சாதனம் தன் ஆயுளில் பாதியைக் கடந்து, பழுதுச் செலவும் புதிய விலையில் பாதியைக் கடந்தால், புதிது வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம். இவ்விரண்டில் ஒன்று மட்டும் பொருந்தினால் பழுது நீக்குவதே மேல்.

பாதுகாப்பு சார்ந்த பராமரிப்பில் இவ்விதிக்கு இடமில்லை. சமையல் எரிவாயுக் குழாயை அதன் மேல் குறிக்கப்பட்ட காலம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் வழங்கும் சுரக்ஷா குழாய்க்கு அக்காலம் 5 ஆண்டு. நிலத்தொடர்புக் கம்பி துருவேறாமலும், எர்த் குழி கோடையில் வறண்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். கூரையும் சாதனமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இங்கு மறக்கலாகாது. ஒழுகும் நீர் சுவர் வழியே இறங்கி மின்விசைப் பலகையை அடைந்தால், கூரைப் பழுது உயிராபத்தாக மாறிவிடுகிறது. ஆதலால் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கருவியை ஈரமிக்க மலை வீடுகளில் ஆடம்பரமாகக் கருதுவதற்கில்லை.

கூரை ஏன் காத்திருக்கிறது?

ஓர் உண்மையை எந்தச் சிற்றூரிலும் காணலாம். தொலைக்காட்சி பழுதானால் ஒரு வாரத்திற்குள் சரிசெய்யப்படுகிறது. கூரை ஒழுகினால் ஒழுகும் இடத்தில் ஒரு பாத்திரம் வைக்கப்படுகிறது. இதனை மக்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியான விளக்கம் ஆகாது.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் வெளியான தமது நூலில், வளரும் நாடுகள் பராமரிப்பில் பின்தங்குவதை ஆராய்ந்தார். பராமரிக்காவிட்டால் உடனே பேரிழப்பு நேரும் விமானம் போன்றவை ஒழுங்காகப் பேணப்படுகின்றன. மெல்ல மெல்லச் சீர்கேடடையும் சாலை போன்றவை கைவிடப்படுகின்றன என்பது அவர் கண்ட வேறுபாடு. வீட்டுக்கும் இது பொருந்தும். தொலைக்காட்சி தன் பழுதை உடனே அறிவிக்கிறது. கூரையோ பல மழைக்காலம் பொறுத்துக்கொள்கிறது. பழைய புல்கூரையிலும் இத்தகைய கட்டாயம் இருந்தது: வேயாவிட்டால் அடுத்த மழையில் குடியிருக்க முடியாது. கான்கிரீட் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது, தேவையை நீக்கவில்லை.

இரண்டாவது காரணம் பணம் வரும் காலம். கூரைப் பணிக்கு ஏற்றவை மாசி முதல் சித்திரை வரையுள்ள உலர்ந்த மாதங்கள். வட்டவடை உழவர்களுக்குப் பெரிய சந்தை ஆவணியில் வரும் ஓணம். ஓணத்தில் வந்த வருவாய் ஆறு மாதங்கள் கையில் தங்குவது அரிது. விதைக்கும் உரத்திற்கும் முன்பணம் தந்த வணிகரிடமே விளைச்சலைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் வழக்கமும் இங்கு உண்டு. கூரையைத் தொட வேண்டிய மாதத்தில் கையில் பணமில்லை. பணம் வந்த மாதத்தில் அடுத்த மழை தொடங்கிவிடுகிறது. இப்பொருத்தமின்மையைத் தீர்க்காமல் மக்களுக்கு அறிவுரை கூறுவதால் பயன் விளையாது.

தேய்மான நிதி: ஓர் எடுத்துக்காட்டு

தொழிற்சாலைகள் தம் இயந்திரங்களுக்குத் தேய்மானம் ஒதுக்குகின்றன. குடும்பமும் அவ்வாறே செய்தல் கூடும். கணக்கு முறையை விளக்குவதற்காக மட்டும் சில தொகைகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒரு தகரக் கூரையை முழுவதும் மாற்ற ரூ. 60,000 ஆகும், அதன் ஆயுள் 20 ஆண்டு எனில், ஆண்டுத் தேய்மானம் ரூ. 3,000. வளையம் மாற்றுதல், துருத்தடுப்புப் பூச்சு, நீர்வழி துப்புரவு ஆகியவற்றுக்கு ஆண்டுச் சராசரி ரூ. 1,500. மிக்சி ரூ. 3,000 விலையில் 6 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ. 500, தொலைக்காட்சி ரூ. 12,000 விலையில் 8 ஆண்டு உழைத்தால் ரூ. 1,500, குளிர்பதனப் பெட்டி ரூ. 15,000 விலையில் 10 ஆண்டு உழைத்தால் ரூ. 1,500, எரிவாயு அடுப்பு ரூ. 3,000 விலையில் 10 ஆண்டு உழைத்தால் ரூ. 300. மின்கம்பிச் சோதனைக்கும் சில்லறைப் பழுதுக்கும் ரூ. 700. மொத்தம் ஆண்டுக்கு ரூ. 9,000; மாதத்திற்கு ரூ. 750.

இத்தொகை சிறுகுடும்பத்திற்குப் பெரிதாகத் தோன்றலாம். இதை ஒதுக்காதபோது நேர்வது என்ன என்பதையும் காண்போம். ஒரு புயற்காற்றில் கூரை போய்விட்டால், ரூ. 60,000 கடன் வாங்க நேரிடும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால், ஓராண்டு வட்டி மட்டுமே ரூ. 14,400. கூரைக்கும் எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து ஒதுக்கியிருக்க வேண்டிய தொகையைவிட இது அதிகம். அதன் பின்னும் அசல் அப்படியே நிற்கிறது.

முதலீட்டு அளவிலும் இதே உண்மை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. உலக வங்கியின் 1994-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை, ஆப்பிரிக்காவில் உரிய காலத்தில் 1,200 கோடி டாலரைச் சாலைப் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுசீரமைப்புச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டது.

அரசுத் திட்டங்களில் பராமரிப்பின் இடம்

1985-இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் திட்டத்தில், 1999-2000 முதல் நிதியின் ஐந்தில் ஒரு பங்கு பழைய குடிசைகளைச் சீர்செய்து மேம்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 2016-இல் வந்த பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டம், சமவெளியில் ரூ. 1.20 இலட்சமும் மலைப்பகுதிகளில் ரூ. 1.30 இலட்சமும் என உதவித்தொகையை வகுத்தது. கேரள அரசின் லைஃப் திட்டம் பொதுவாக ஒரு வீட்டுக்கு ரூ. 4 இலட்சம் வழங்கியது. இத்தொகைகள் யாவும் முதலீட்டைச் சார்ந்தவை.

பராமரிப்பை எண்ணாமல் வீடு கட்டினால் என்ன நேரும் என்பதற்குக் கேரளமே ஒரு சான்று. 1972-இல் தொடங்கிய இலட்சம் வீடு திட்டம் நிலமற்ற ஏழைகளுக்குச் சொந்தக் கூரை அளித்த முன்னோடி முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் பல, ஒரே சுவரைப் பங்கிடும் இரட்டை வீடுகள். ஒரு குடும்பம் பழுதுபார்க்க விரும்பினாலும் அடுத்த குடும்பத்தின் இசைவும் பங்கும் வேண்டியிருந்தது. பின்னாளில் அவ்வீடுகளைப் புதுப்பிப்பதற்கென அரசே தனித் திட்டம் வகுக்க நேர்ந்தது.

தமிழ்நாடும் இதே நிலையை எதிர்கொண்டது. 2000-2001-க்கு முன் பல்வேறு அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட இரண்டரை இலட்சம் ஊரக வீடுகளைச் சீரமைப்பதற்கு ரூ. 2,000 கோடி மதிப்பில் 2024-இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. வீடு ஒன்றுக்குச் சராசரி ரூ. 80,000. இம்முடிவு வரவேற்கத்தக்கது. அதே வேளையில், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சிறு செலவுகளைக் கால் நூற்றாண்டு தள்ளிவைத்ததால் சேர்ந்த கடன் இது என்பதையும் நாம் உணர வேண்டும்.

செய்யத்தக்கவை

கேரளத்தில் சாலைகள், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றைப் பேணுவதற்கு உள்ளாட்சிகளுக்குத் தனியே பராமரிப்பு நிதி வழங்கும் முறை உண்டு. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட ஏழையின் வீட்டுக்கும் இக்கோட்பாட்டை ஓரளவு விரிவுபடுத்தலாம். அதற்குப் பெருந்தொகை தேவையில்லை.

முதலாவதாக, வீட்டுச் சாவியுடன் ஒரு சிறு பராமரிப்பு ஏடும் வழங்கப்பட வேண்டும். கூரையின் வகை, ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய இடங்கள், மின்கம்பி செல்லும் வழி ஆகியவற்றை அது விளக்க வேண்டும். வட்டவடை போன்ற எல்லை ஊர்களில் அது தமிழிலும் மலையாளத்திலும் அமைதல் நலம். இரண்டாவதாக, கட்டி முடித்த ஐந்தாம் ஆண்டில் ஊராட்சிப் பொறியாளர் ஒருமுறை வந்து பார்வையிடுவது திட்டத்தின் பகுதியாக வேண்டும். மூன்றாவதாக, 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் கூரைக்கெனத் தனிச் சேமிப்பு தொடங்கலாம்; ஓணத்தில் செலுத்தி மாசியில் எடுக்கும் வகையில் அது அமைந்தால், பணம் வரும் காலத்திற்கும் பணி செய்யும் காலத்திற்கும் உள்ள இடைவெளி நிரம்பும். நான்காவதாக, அதே கூட்டங்கள் ஆணி, வளையம், பூச்சு ஆகியவற்றை மொத்தமாக வாங்கினால் வண்டிச் சத்தம் பலருக்குப் பங்காகும். ஐந்தாவதாக, உள்ளூர் இளைஞரும் பெண்களும் சிலர் கூரைப் பணியிலும் மின்சாதனப் பழுதிலும் பயிற்சி பெற்றால், வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் நிலை மாறும். ஊருக்குள் ஒரு தொழிலும் உருவாகும்.

நாட்டின் மூலதனம் அணைகளிலும் ஆலைகளிலும் மட்டும் அடங்கியிருக்கவில்லை. கோடிக்கணக்கான சிறு வீடுகளின் கூரைகளிலும் அது பரந்து கிடக்கிறது. ஓர் ஏழைக் குடும்பத்திற்கு அந்தக் கூரையே வாழ்நாளின் மிகப் பெரிய சொத்து. அதன் கீழேதான் விதைப் பூண்டு உலர்கிறது, குழந்தைகள் படிக்கின்றனர், நோயாளி படுத்திருக்கிறார். அச்சொத்து ஆண்டுக்கு ஆண்டு கரைந்து போகுமானால், கொடுத்த மானியமும் கரைகிறது. குடும்பம் மீண்டும் பயனாளிகளின் வரிசையில் வந்து நிற்கிறது. கட்டிய வீடுகளை எண்ணும் நாம், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒழுகாமல் நிற்கும் வீடுகளையும் எண்ணத் தொடங்க வேண்டும்.